நான் கேட்டதை அவள் தரவில்லை

எங்கள் தேவாலயத்தின் பங்குத் திருவிழாவில் ஒரு நாள் நோயாளிகளுக்கான திருப்பலிப் பூசை நடக்கும். அதன் முடிவில் என்னை மேடையேறிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மூன்று நிமிடம் போதும், "சாவின் வாசலிலிருந்து திரும்பி வந்தேன்" என்று ஆரம்பித்தால் நன்றாயிருக்கும் என்று அன்பியம் என்கிற எங்கள் தெருச் செபக் குழுவின் தலைவர் வாக்கியம்கூட எடுத்துக் கொடுத்தார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நன்றி கெட்டவன் என்று சிலர் நினைத்திருப்பார்கள். உண்மை என்னவென்றால், நான் திரும்பி வர விரும்பியவனே இல்லை. என்னைச் சாக விடும்படி என் மனைவியிடம் கேட்டேன். அவள் முடியாது என்றாள். அதை மைக்கில் எப்படிச் சொல்வது?

விரல்களுக்குப் பயிற்சியாகத் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி செய்யும் பெண். எதையாவது எழுதுவதற்குப் பதில் இதையே எழுதுகிறேன். என்னைப் போலப் படுத்துக் கிடக்கும் யாருக்காவது, அல்லது அப்படிப்பட்டவரின் பக்கத்தில் நிற்கும் யாருக்காவது இது உதவலாம்.

என் பெயர் சகாயராஜ். வயது நாற்பத்தேழு. கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் இருபது வருடத்துக்கு மேல் கம்ப்ரசர் ஆபரேட்டராக இருந்தேன். மனைவி ஸ்டெல்லா அங்கன்வாடி டீச்சர். ஒரே மகள் ஜெனிபர், பிளஸ் டூ. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஸ்டெல்லா முதல் வரிசையில் இருப்பாள். நான் கோயில் வாசலில் நின்று பிரசங்கம் முடியும்வரை மற்ற ஆண்களோடு பேசிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டு பக்தி அப்படிப் பங்கு பிரிந்திருந்தது.

வயிற்றுப்போக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மூன்று நாள் ஓடியது, நின்றது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருந்தது. மறுநாள் செருப்பு காலில் நிற்கவில்லை. நான் முன்னே போனால் அது பின்னால் கிடந்தது. தெருமுனை டாக்டர் சத்துக் குறைவாயிருக்கும் என்று ஊசி போட்டார். அன்று சாயங்காலம் வால்வைத் திருக ஸ்பேனரைப் பிடித்தேன். பிடி இருந்தது, பலம் இல்லை. அடுத்த நாள் காலை பாத்ரூமில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்டெல்லாவும் ஜெனிபரும் கதவை நெம்பித் திறந்து என்னை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மகள் முன்னால் அந்தக் கோலத்தில் கிடந்ததுதான் பெரிய அவமானம் என்று அப்போது நினைத்தேன்.

கடலூரில் பார்த்துவிட்டு உடனே சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது இடது கையைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடிந்தது. வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் அதுவும் கனத்துவிட்டது.

சிதம்பரம் மருத்துவமனையில் நரம்பு டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்தார்கள். பிறகு கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, நரம்புக்குள் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் என் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"மோட்டார் ஓட்டுறவருதானே நீங்க? அப்ப சுலபமாப் புரியும். நரம்புங்கிறது ஒயர் மாதிரி, மேல ஒரு உறை இருக்கு. கிருமிய எதிர்க்குறதுக்கு நம்ம ஒடம்புல ஒரு படை இருக்குல்ல, அது வயித்துல வந்த கிருமிய அடிச்சிட்டு, இப்ப ஆளு அடையாளம் தெரியாம ஒங்க ஒயரையே அடிக்குது. கில்லன்-பாரேன்னு பேரு."

"சரியாயிடுமா டாக்டர்?"

"நெறையப் பேரு எழுந்து நடக்குறாங்க. ஆனா ஒண்ணு, எறங்கும்போது வேகமா எறங்கும். ஏறும்போது மெதுவாத்தான் ஏறும். இன்னும் எறங்கி முடிக்கல."

அதற்கான மருந்தை ஐந்து நாள் ரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். தினமும் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். முதல் நாள் முப்பது வரை போனேன். மறுநாள் பதினெட்டு. அதற்கடுத்த நாள் ஒன்பதிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. ஸ்டெல்லா பக்கத்தில் நின்று, பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல "பத்து, பத்து" என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே வாய்வழியாகக் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தக் குழாயை எடுத்துவிட்டு, கழுத்தில் ஓட்டை போட்டு அங்கே மாட்டினார்கள்.

இனி வருவதைச் சொல்வதற்குத்தான் சிரமம்.

மயக்க மருந்து தெளிந்தபோது எனக்கு எல்லாம் கேட்டது. எல்லாம் உறைத்தது. எதுவும் அசையவில்லை. முகம் தொங்கிவிட்டதால் அழுதாலும் அழுவது போலத் தெரியாதாம். கண்ணில் நீர் வடிகிறது என்று துடைத்துவிட்டுப் போவார்கள். இமை மட்டும்தான் என் சொல் கேட்டது. காதுக்குள் அரிப்பு வரும். அது ஒரு மணி நேரம் இருக்கும், இரண்டு மணி நேரம் இருக்கும். மடங்கிக் கிடக்கும் கட்டைவிரல் வலிக்கும். போர்வையின் மடிப்பு முதுகில் கத்தி போல அழுத்தும். இரண்டு பேர் வந்து என்னைப் புரட்டிப் போடும்வரை அந்த மடிப்புதான் என் உலகம். சளி கட்டினால் கழுத்து ஓட்டை வழியாக மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சுவார்கள். அப்போது மூச்சு முழுக்க நின்றுபோகும். ஒவ்வொரு தடவையும் முடிந்தது என்று நினைப்பேன். முடியாது. நாலு மணி நேரம் கழித்து மறுபடியும் வருவார்கள்.

எந்நேரமும் விளக்கு எரியும் அறை அது. நர்ஸ்கள் மாறுவதை வைத்துத்தான் பொழுது தெரிந்துகொண்டேன். என் தலைக்கு மேலேயே கல்யாணம், கேஸ் விலை, மாமியார் சண்டை எல்லாம் பேசுவார்கள். கெட்டவர்கள் இல்லை, என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மேசை நாற்காலி இருக்கும் அறையில் பேசுவது போலத்தான் பேசினார்கள்.

காலையிலும் சாயங்காலமும் பத்துப் பத்து நிமிடம் வீட்டாரை விடுவார்கள். ஸ்டெல்லா வந்ததும் முதல் வேலையாக என் முகத்தைச் சொறிவாள். நெற்றியில் ஆரம்பித்து, புருவம், மூக்கோரம், காது மடல், தாடை என்று ஓரிடம் விடாமல் நகத்தால் மெல்லச் சொறிந்துகொண்டே வருவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "எங்க அரிக்குதுன்னு தெரியலியே, அதான் எல்லா எடத்துலயும்" என்பாள். என் ஒரு நாளின் நல்ல பகுதி அதுதான்.

ஒன்றரை மாதம் ஆனபோது நரம்புச் சோதனையை மறுபடி செய்தார்கள். டாக்டர் என் காலடியில் நின்றே ஸ்டெல்லாவிடமும் என் அண்ணனிடமும் சொன்னார். ஒயரின் உறை மட்டும் போகவில்லை, உள்ளே இருக்கும் கம்பியும் பழுதாகியிருக்கிறது. திரும்ப வளரலாம். ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். எவ்வளவு வளரும் என்று இப்போது சொல்ல முடியாது. அதே வாரம் நுரையீரலில் கிருமி வேறு சேர்ந்துகொண்டது.

இரண்டு வருடம் என்ற சொல்லை நான் அந்த விளக்குக்குக் கீழே படுத்துக் கேட்டேன். கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கும் மூச்சு வேண்டுமே.

தமிழரசி என்று ஒரு நர்ஸ். சிதம்பரத்துக்குப் பக்கத்து கிராமம். அவள்தான் முதலில் எனக்குப் பேச்சு கொடுத்தாள். ஒரு அட்டையில் உயிரெழுத்துகளை ஒரு வரியாகவும் மெய்யெழுத்துகளை மூன்று வரியாகவும் எழுதிக்கொண்டு வந்தாள். விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துவாள், வேண்டிய எழுத்து வந்ததும் நான் இமையை மூட வேண்டும். முதலில் மெய், பிறகு உயிர், இரண்டையும் சேர்த்து ஓர் எழுத்து. முதல் நாள் அரை மணி நேரத்தில் "காது அரிப்பு" என்று சொல்லி முடித்தேன். அவள் பஞ்சால் காதைத் துடைத்துவிட்டு, தானே பரீட்சையில் பாஸானது போலச் சிரித்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்டெல்லாவும் அண்ணனும் வந்தபோது அட்டையை அவர்கள் முன்னால் பிடித்தாள். நான் இரண்டே எழுத்து சொன்னேன். விடு.

தமிழரசி நெடிலாகப் படித்தாள். "வீடு! சாருக்கு வீட்டு ஞாபகம் வந்திடுச்சிக்கா. வீட்டுக்குப் போவணும்னு சொல்றாரு."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்டெல்லா மட்டும் அட்டையைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. என் புருவத்தைச் சொறிய ஆரம்பித்தாள்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வின்சென்ட் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போனபோது எனக்குப் பத்து வயது. என்னைப் படிக்க வைத்தது அவர்தான். காடாம்புலியூரில் முந்திரிக் கம்பெனியில் மேஸ்திரி. இரண்டு பஸ் மாறித் தினமும் சிதம்பரம் வந்தார். எனக்குச் சளி உறிஞ்சுவதை ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வராந்தாவில் வாந்தி எடுத்தாராம். அந்த மனிதர்தான் என்னை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்.

அந்த வராந்தாவில் "வீட்டுக்குக் கொண்டுபோறது" என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸில் கையால் பலூனை அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டே வீடுவரை வருவார்கள். வீட்டுக்குள் படுக்க வைத்ததும் அமுக்குவதை நிறுத்துவார்கள்.

"பணத்துக்காகச் சொல்லலம்மா, மாதா மேல சத்தியமா" என்றார் அண்ணன். என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் ஸ்டெல்லா. "எம் புள்ள மாதிரி வளத்தேன். இவன் படுற பாட்ட என்னால பாக்க முடியல. அவனே வாயத் தொறந்து கேட்டுட்டான்ல?"

"அவரு கேட்டது வீடு இல்ல மாமா."

"தெரியும். எனக்கு மட்டும் தெரியாதா? அதைத்தான் சொல்றேன்."

"டாக்டரு திரும்பலாம்னு சொல்லியிருக்காங்க."

"திரும்பலாம்னாங்க. திரும்பும்னு சொன்னாங்களா? ரெண்டு வருஷம் இப்படியே கெடந்துட்டு, அப்புறமும் எழுந்திருக்கலேன்னா? அவன்கிட்ட நீ என்னா பதில் சொல்லுவ?"

நான் மனதுக்குள் அண்ணனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் அண்ணன் பேசியது எனக்குக் கேட்டது. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "இது திரும்பக்கூடிய நோய். நான் மெஷினக் கழட்ட மாட்டேன், சட்டமும் விடாது. எந்த வைத்தியமும் பலன் தராத நெலையில நிறுத்துறதுக்கு வேற முறை இருக்கு, அதுக்குக் குழு இருக்கு. இவரு அந்தக் கேஸே இல்ல. நீங்களா எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போனா, நான் கையப் புடிச்சி நிறுத்த முடியாது. அவ்வளவுதான்."

மனைவி கையெழுத்து இல்லாமல் நடக்காது. அதனால் அண்ணன் எங்கள் பங்குச் சாமியாரை அழைத்து வந்தார். ஸ்டெல்லா சாமியார் பேச்சைத் தட்ட மாட்டாள் என்று நினைத்தார். ஃபாதர் சின்ன வயது, சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறவர். வந்தார், நோயில் பூசுதல் கொடுத்தார், என் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் தடவினார். அண்ணன் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அய்யா, சாவு வந்துடுச்சி, வைத்தியம் அதத் தள்ளிப் போட்டுட்டு மட்டும்தான் இருக்குன்னா, நிறுத்திடலாம். திருச்சபை அதப் பாவம்னு சொல்லல. எப்படியாவது இழுத்துப் புடிச்சே ஆவணும்னு கட்டாயமும் இல்ல. ஆனா இவருக்குச் சாவு வரலியே. இவரு சாவணும்னுட்டே நாம கழட்டுனா, அது நாம குடுக்குற சாவு. ரெண்டும் பாக்க ஒண்ணா இருக்கும். ஒண்ணு இல்ல."

பிறகு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"சகாயம், ஒங்கள வச்சிக்கிட்டே நாங்க பேசிட்டிருக்கோம், மன்னிச்சிக்குங்க. நீங்க சாவணும்னு கேக்குறீங்களா? ஆமாம்னா ஒரு தடவ கண்ண மூடுங்க. இல்லன்னா ரெண்டு தடவ."

ஒரு தடவை மூடித் திறந்தேன். எந்த எழுத்தும் அட்டையும் இல்லாமல், ஐம்பது நாளில் நான் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஃபாதர் தலையசைத்தார், "கேட்டுடுச்சி" என்று மட்டும் சொன்னார், புத்தி சொல்லவில்லை. ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்தாள்.

"முடியாதுங்க" என்றாள். "நீங்க கேட்டாலும் முடியாது. என்னால ஆவாது. எம் மேல கோவப்படுங்க, பரவால்ல."

கோபப்பட்டேன். என் கையில் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது, அதை எடுத்தேன். அவள் வரும் பத்து நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டேன்.

பதினோரு நாள். செருப்புச் சத்தத்தை வைத்து அவள் வருவது தெரியும். உடனே இமையை இறக்கிவிடுவேன். அவள் முகத்தைச் சொறிவாள். அந்தச் சுகம்கூட எனக்கு வேண்டாம் என்று பல்லைக் கடிக்க நினைப்பேன், பல்லும் கடிபடாது. ஜெனிபர் கெமிஸ்ட்ரியில் குறைந்த மார்க் வாங்கியது, அங்கன்வாடியில் ஒரு பிள்ளை மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டது, மழைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது எல்லாவற்றையும் மூடிய கண்ணிடம் சொல்வாள். மணி அடித்ததும் "வரேங்க" என்று போவாள். அவள் குரல் ஒரு நாளும் உடையவில்லை. இவளுக்கு என்ன, மோட்சத்தில் இடம் பிடிக்கிறாள், அதற்கு என்னை இந்தக் கட்டிலில் கட்டிப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், எண்பது வயதுக்கு மேல். மூளைக்குள் ரத்தம் உடைந்து வந்தவர். வந்த நாளிலிருந்து கண் திறக்கவில்லை. சிறுநீரகம் போனது, பிறகு ரத்த அழுத்தமும் மருந்துக்கு நிற்கவில்லை. இரண்டு மூன்று டாக்டர்கள் கூடிப் பார்த்துவிட்டு, இனி எதுவும் செய்வதற்கில்லை என்று அவருடைய மகளிடம் சொன்னார்கள். எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அந்தப் பெண் ஸ்டெல்லாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"அக்கா, நீங்க சாமி கும்புடுறவங்க. அப்பாவுக்கு மெஷின நிறுத்திடலாம்னு கேக்குறாங்க. நான் சரின்னு சொன்னா அது கொல பண்ண மாதிரிதானே?"

ஆமாம் என்றுதான் ஸ்டெல்லா சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"இல்லம்மா" என்றாள். "அப்பா கெளம்பிட்டாரு. நீ வழிய மறிச்சிக்கிட்டு நிக்க வேணாம். கையப் புடிச்சிக்கிட்டு பக்கத்துல இரு."

மறுநாள் காலை வீட்டாரை விடும் நேரத்தில் பெரியவரின் மெஷினை நிறுத்தினார்கள். மகள் திருநீறு பூசிவிட்டு, காதோரம் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா திரைக்கு வெளியே நின்று செபம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? சாயங்காலம் அவள் வந்தபோது பதினோரு நாளுக்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் அட்டையைப் பார்த்தேன். தமிழரசி எடுத்து வந்தாள்.

அவருக்கு மட்டும்.

நாலு நிமிடம் ஆனது அதைச் சொல்ல. ஸ்டெல்லா வாய்விட்டுப் படித்தாள்.

"அவரு போயிட்டாருங்க. மெஷினுதான் இருந்துச்சி. நீங்க இருக்குறீங்க. எம் மேல கோவப்பட்டுக்கிட்டு பதினோரு நாளு கண்ண மூடிக்கிட்டீங்க பாருங்க, அவ்வளவு இருக்குறீங்க. இருக்குற ஆள நான் எப்படி அனுப்புறது?"

என் உயிர் என்றேன் அட்டையில்.

"ஒங்க உயிருதான். நான் இல்லன்னு சொல்லல." அவள் தன் வலது கையை என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் வெள்ளை. "ஆனா எங் கையக் கேக்குறீங்களே. இது எங் கை. அப்புறம் இத வச்சிக்கிட்டு நான் எப்படிச் சோறாக்குவேன்? அங்க புள்ளைங்களுக்கு எப்படி ஊட்டுவேன்? நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம். தப்புன்னா ஆண்டவர்கிட்ட நான் பதில் சொல்லிக்குறேன். ஒங்களக் கேக்கும்போது எம் பேரச் சொல்லிடுங்க."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவும் தோன்றவில்லை. யாரிடமாவது சண்டை போட்டு முடித்த பிறகு வருமே ஒரு களைப்பு, அது வந்தது. கண்ணை மூடவில்லை. அவள் மூக்கோரத்தைச் சொறிந்தாள்.

அதற்குப் பிறகு அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நுரையீரல் கிருமி மெல்ல அடங்கியது. மூன்று வாரம் கழித்து இடது தோளில் மீன் துள்ளுவது போல ஒரு துடிப்பு. தமிழரசி முதலில் நம்பவில்லை. பிறகு டாக்டரைக் கூட்டி வந்தாள். மெஷினைக் கழற்றிவிட்டுத் தானாக மூச்சு விடும் பயிற்சி முதல் நாள் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் கிணற்றுக்குள் அமுக்கிப் பிடித்தது போலிருந்தது. பிறகு பத்து, அரை மணி, ஒரு பகல். சிதம்பரத்தில் நான்கு மாதம் இருந்தேன். கழுத்து ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு முதலில் பேசியது அண்ணனிடம்தான். "பஸ்ஸு கெடச்சிச்சா?" என்று கேட்டேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கொண்டுபோகச் சொன்னதற்காக அவர் பலமுறை மன்னிப்பு கேட்டிருக்கிறார். மன்னிக்க அதில் ஒன்றுமில்லை. நான் கேட்டதைத்தான் அவர் கேட்டார்.

இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். வலது பாதம் இன்னும் தொங்குகிறது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. விரல்கள் முழுதாக மடங்கவில்லை, சட்டைப் பொத்தானை ஜெனிபர் போட்டுவிடுகிறாள். கம்ப்ரசர் வேலைக்கு இனி போக முடியாது. ஆனாலும் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், ஸ்டெல்லாவின் விசுவாசம் ஜெயித்தது, அவள் செய்ததுதான் சரி என்று. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் எழுந்ததால் சரி என்றால், எழாமல் போயிருந்தால் தப்பாகியிருக்குமா? தோள் துடித்தது அவளால் அல்ல, என்னாலும் அல்ல. அந்தக் கட்டிலில் நான் கேட்டது பைத்தியக்காரத்தனம் என்றும் இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வேதனை உண்மை. அடி ஆழத்தில் அவள் மேல் ஒரு கோபமும் மிச்சமிருந்தது. தான் ஒரு நிமிடம்கூடத் தடுமாறாமல், எட்டாத ஓரிடத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தவள் என்ற கோபம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"நான் எழுந்திருக்காமலே இருந்திருந்தா? இன்னைக்கும் அந்தக் குழாயோட அங்கயே கெடந்தா, என்னா பண்ணியிருப்ப?"

"வந்து மொகத்தச் சொறிஞ்சிருப்பேன்" என்றாள்.

"நான் மறுபடியும் கேட்டிருந்தா?"

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"நீ கொஞ்சம்கூட அசரலியா ஸ்டெல்லா? ஒரு நாளு கூடவா?"

அவள் மடியில் கிடந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீங்க கண்ண மூடிக்கிட்டிருந்தீங்கல்ல, அந்தப் பதினோரு நாளு" என்றாள். "ஒங்ககிட்ட பட்டாணிக் கதையெல்லாம் சொல்லிட்டு வெளிய வருவேன். ஆஸ்பத்திரிக்கு எதுர பஸ் ஸ்டாப்புல ஒக்காந்துகிட்டு செபமால சொல்லுவேன். எதுக்குன்னு நெனைக்கிறீங்க? ஒங்களுக்குச் சரியாவணும்னு இல்ல."

"பின்ன எதுக்கு?" என்றேன்.

"ஆண்டவரே, என்னால இவர அனுப்ப முடியாது, நீயே வந்து எடுத்துக்கோன்னு கேட்டேன். எங் கை படாம எடுத்துக்கோ, இன்னைக்கே எடுத்துக்கோன்னு. பதினோரு நாளும் அதான் கேட்டேன். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலதான் சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது. நீங்க ஒங்க அண்ணங்கிட்ட மொதமொதல்ல பேசுன அன்னைக்கு, வராந்தாவுல போயி நின்னு என்னையே அறைஞ்சிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தாள். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது, தோள் இறுகியிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. மிச்சமிருந்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வெளிச்சத்துக்குக் கீழே நான் மட்டும்தான் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒருத்தி உட்கார்ந்து எனக்காக அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோலை எட்டிப் பிடித்து எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாலடி தூரம்தான், எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் உதவிக்கு வரவில்லை. நான் வந்து சேரும்வரை அங்கேயே இருந்தாள்.